எருமை நாக்கும் அலாஸ்கா தூண்டிலும்

புரட்டாசி விதைப்புக்கு முன்னால் ஊர் திரும்பிவிட வேண்டும். அலாஸ்கா கப்பல் பயணத்துக்குச் சம்மதிக்க அந்தப் பெரியவர் போட்ட முதல் நிபந்தனை இது. கப்பல் நிற்கும் ஊர்களில் ஒரு நாளாவது தூண்டில் போட வேண்டும் என்பது இரண்டாவது. "பனிமலையைப் பார்க்க அம்புட்டு தூரம் எதுக்குப்பா? சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கு ஆகாது" என்று தொலைபேசியில் மகனிடம் சொல்லிவிட்டார்.

அவருக்கு வயது 68. திட்டக்குடி வட்டத்தில் வெலிங்டன் ஏரிப் பாசனத்தின் கடைமடையில் 2 ஏக்கர் நஞ்சை, மேட்டில் 4 ஏக்கர் மானாவாரி. ஏரி நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் உளுந்து. மேட்டு நிலத்தில் ஒரு காலத்தில் கம்பும் பருத்தியும் இருந்தன. இப்போது முழுக்க மக்காச்சோளம். 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோதும் மக்காச்சோளத்தை விடவில்லை. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன் அமெரிக்காவின் சியாட்டிலில் கணினி வேலையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்.

தூண்டில் பெரியவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். வெள்ளாற்றில் தண்ணீர் ஓடும் சில மாதங்களில் மடுவிலும், ஏரி திறந்தால் வாய்க்காலிலும், இப்போது சொந்தப் பண்ணைக்குட்டையிலும் போடுவார். கெண்டைக்கு மண்புழு, விராலுக்குத் தவளைக்குஞ்சு, கெளுத்திக்குக் கோழிக்குடல். தக்கை எப்போது ஆடுகிறது, எப்போது இழுக்கிறது என்பதைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்த மீன் என்று சொல்லிவிடுவார். மகனையும் ஏழெட்டு வயதில் கரையில் உட்கார வைத்தவர்தான். ஆனால் அந்தப் பையனுக்குப் பொறுமை இல்லை. கல்லெறிந்து மீனைக் கலைத்துவிடுவான்.

திட்டக்குடியில் இரவு 9 மணி என்றால் சியாட்டிலில் அன்று காலை 8.30. மகன் காரில் வேலைக்குப் போகிற நேரம். ஆறு மாதமாக அந்த நேரத்தில் தினமும் இந்தத் தூண்டில் பேச்சுதான் ஓடியது. அதற்கு முன்பெல்லாம் அந்த அழைப்பு, 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும்.

முதலில் சால்மன் மீன் பிடிக்கலாம் என்றுதான் மகன் சொன்னார். அலாஸ்காவுக்குப் போகிறவர்களில் பலரும் அதற்குத்தான் போகிறார்கள். பெரியவர் வேறு ஒன்றைக் கேட்டார். "அடியில கிடக்கிற மீனு எதாச்சும் இருக்கா?" மேலே நீந்துகிற மீனைவிட அடியில் கிடக்கிற மீனைத் தூக்குவதில்தான் வேலை இருக்கிறது என்பது அவர் எண்ணம். மகன் ஹாலிபட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். படம் பார்த்ததும் பெரியவர் சொன்னது: "இது நம்ம எருமை நாக்கு மாதிரியில்ல இருக்கு!"

அவர் சொன்னதில் பெரிய தவறு இல்லை. கடலூர், பரங்கிப்பேட்டை பக்கமிருந்து திட்டக்குடிக்கு வண்டியில் வரும் மீனில் எப்போதாவது அகலமான தட்டை மீன் ஒன்று வரும். எருமை நாக்கு என்பார்கள். சின்னதாக, நீளமாக வரும் நாக்கு மீன் வேறு. எருமை நாக்கு அதைவிடத் தடிமன், வாய் பெரியது, பல் கூர்மை. ஏற்றுமதி வியாபாரத்தில் இதற்கு 'இந்தியன் ஹாலிபட்' என்றே பெயர். இதன் அறிவியல் பெயர் செட்டோடெஸ் எருமெய். அந்த 'எருமெய்' வேறெதுவும் இல்லை, தமிழ் எருமைதான். தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்த காலத்தில், அங்கிருந்த ஜான் என்ற மிஷனரி, கடற்கரையில் கிடைத்த மீன்களைப் பாடம் செய்து பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பினார். பிளாக் இறந்த பிறகு, ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-ல் வெளியிட்ட நூலில், தரங்கம்பாடி மீனுக்கு மீனவர் சொன்ன பெயரையே சேர்த்து அச்சிட்டுவிட்டார்கள். இரண்டு நூற்றாண்டு கடந்தும் உலகம் முழுக்க அந்த மீனுக்கு அதுவே பெயர். சிதம்பரம் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. எருமை நாக்கு பெரும்பாலும் ஒன்றரை அடியோடு நின்றுவிடும். தட்டை மீன் வகைகளிலேயே பழைய அமைப்பு மாறாதது அது. அலாஸ்காவின் பசிபிக் ஹாலிபட் 8 அடி நீளம், 200 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. வளர்வது பெண் மீன்தான். ஆண் பெரும்பாலும் 40 கிலோவைத் தாண்டாது. 50 வயதைக் கடந்த மீன்களும் கிடைத்திருக்கின்றன. வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், காதுக்குள் இருக்கும் சிறு எலும்புக் கல்லில் மரத்துக்கு இருப்பது போல வருட வளையம் இருக்கும், அதை எண்ணுகிறார்கள்.

கண் விஷயம் இன்னும் விசேஷம். முட்டையிலிருந்து வரும்போது ஹாலிபட் குஞ்சு மற்ற மீன்களைப் போலத்தான், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நிமிர்ந்து நீந்தும். ஓர் அங்குலம் வளர்வதற்குள் இடது கண் மெல்ல நகர்ந்து நெற்றியைத் தாண்டி வலப்பக்கம் வந்துவிடும். பிறகு அது இடப்பக்கம் தரையில் படும்படி படுத்துவிடும். மேல்பக்கம் மண் நிறம், கீழ்ப்பக்கம் வெள்ளை. எருமை நாக்கில் அந்த நகர்கிற கண் தலையின் உச்சி விளிம்போடு நின்றுவிடுகிறது. இதைக் கேட்ட பெரியவர் இரண்டு நாள் கழித்துப் பரங்கிப்பேட்டை மீன் வண்டியை நிறுத்தி, ஒரு எருமை நாக்கை வாங்கித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். வண்டிக்காரர், "பார்க்கிறதுக்கா வாங்கினீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

விசா ஒன்றல்ல, இரண்டு

கப்பல் சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே வரும். அமெரிக்க விசா போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போதாது. அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு கப்பல் சட்டம், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இடையில் வேறு நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே இப்படிச் சுற்றிவர விடுவதில்லை. அதனால் இந்தக் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நின்றுவிட்டு வரும். சில மணி நேரம்தான், ஆனாலும் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்க விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பணம் கட்டினால், கப்பல் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் பெரியவர் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனார். அங்கே அதையெல்லாம் பார்க்கவில்லை. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். மகன் வீடு, பேரப்பிள்ளைகள் என்று சொல்லும்படி மகன் பாடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் அதோடு, "மீன் பிடிக்க" என்றும் சேர்த்துச் சொன்னார். திரும்பி வருவீர்களா என்று கேட்டதற்கு, "புரட்டாசியில மக்காச்சோளம் போடணும்" என்றார். விசா கிடைத்தது.

எந்தத் துறைமுகத்தில் தூண்டில் போடுவது என்பதற்கு ஒரு மாதம் ஓடியது. கப்பல் நிற்பது பொதுவாக கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே, சிட்கா, ஐசி ஸ்ட்ரெயிட் பாயின்ட் ஆகிய ஊர்களில். எல்லா ஊரிலும் படகு உண்டு, ஆனால் எல்லா ஊரும் ஹாலிபட்டுக்கு ஒத்துவராது. ஸ்காக்வே நீண்ட கடல் வாய்க்காலின் உள் முனையில் இருக்கிறது, அங்கே சால்மன்தான் பேச்சு. ஜூனோவில் ஹாலிபட் கிடைக்கும் இடத்துக்குப் படகில் வெகுநேரம் போக வேண்டும், கப்பல் நிற்கும் நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். கெச்சிக்கனில் மழை. அந்த ஊரில் வருடத்துக்கு 3,500 மில்லி மீட்டருக்கு மேல் பெய்யும், கடலூர் மாவட்ட மழையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஹூனா என்ற சிற்றூரை ஒட்டிய ஐசி ஸ்ட்ரெயிட் பாயின்டில், மீன் இருக்கும் இடம் கரையிலிருந்து கிட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் சரி என்று முடிவானது.

நேரக் கணக்கைப் பெரியவரே போட்டார். கப்பல் காலை 8-க்குக் கட்டும், மாலை 5-க்குக் கிளம்பும், அரைமணி முன்னால் ஏறியிருக்க வேண்டும். படகு 9-லிருந்து 2 வரை. இரண்டரை மணி நேரம் கையில் மிச்சம். ஏரி மதகு திறக்கிற அன்றைக்கு முறைத்தண்ணி பிரிக்கிற மாதிரி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். ஒரு சிக்கல், அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்தைவிட ஒரு மணி பின்னால். கடிகாரம் கப்பல் நேரத்திலா ஊர் நேரத்திலா என்று பார்க்காமல் ஒரு மணி தவறினால், கப்பல் போய்விடும். கப்பல் கம்பெனி மூலமாகவே படகு எடுத்தால், தாமதமானாலும் அவர்கள் பொறுப்பு. வெளியில் தனியாகப் பேசினால் விலை குறையலாம், ஆனால் கப்பல் காத்திருக்காது. மகன் தனிப் படகு என்றார். பெரியவர் கப்பல் கம்பெனி மூலமாகத்தான் என்று நின்றார். அவர் சொன்னதே சரி, முதல்முறை போகிறவர்களுக்கு அதில் இரண்டாவது பேச்சு வேண்டியதில்லை.

செலவு ஓர் ஆளுக்கு 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல். குவிண்டால் 2,000 ரூபாய் என்று வைத்தால் 12 மூட்டை மக்காச்சோளத்துக்கும் கூடுதல். "என் பங்கை நான் கொடுத்துடறேன்" என்று சொல்லி, கப்பலுக்கும் விமானத்துக்கும் மகன் கட்டட்டும், தூண்டிலுக்கு மட்டும் தன் பணம் என்று முடித்தார். அதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

திரும்பும் தேதி

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மனைவி போன பிறகு, நிலத்தை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடச் சொல்லி மகன் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவருக்கு முழங்கால் வலி, இரத்த அழுத்தம். இரவில் கீழே விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. மகன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதேபோல, 6 ஏக்கரையும் விற்றுவிட்டு சியாட்டில் வீட்டு மாடி அறையில் உட்காருவது என்ன பிழைப்பு என்று பெரியவர் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. கப்பல் பயணம் என்பதே தனக்குப் போட்ட தூண்டிலோ என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தேகம்.

வைகாசியில் டிக்கெட் வந்தது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். போகும் தேதி ஆனி மாதக் கடைசி. திரும்பும் தேதி மார்கழி. சுற்றுலா விசாவில் வழக்கமாக 6 மாதம் வரை தங்க விடுவார்கள், அந்த அளவுக்குப் போட்டிருந்தார் மகன்.

அன்று இரவு 9 மணிக்கு அழைப்பு வந்தபோது பெரியவர் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தார்.

"ஏம்பா, டிக்கெட்டுல மார்கழின்னு இருக்கு."

"குளிர்காலத்துல ஒரு தடவை இருந்து பாருங்கப்பா. பிடிக்கலைன்னா அப்புறம் பேசிக்கலாம்."

"நான் புரட்டாசின்னு சொன்னேன். நீ சரின்னு சொன்ன."

"உங்களைத் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரலைப்பா. அம்மாவுக்கு ஆன மாதிரி உங்களுக்கும் ஆச்சுன்னா, நான் வந்து சேரவே ரெண்டு நாள் ஆகும்."

அவர் மனைவியின் அடக்கத்துக்கு மகன் வந்து சேர முடியவில்லை. அதைப் பற்றி இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "தேதியை மாத்துப்பா. வந்து பேசுவோம். பேசறதுக்குத்தான் வரேன்" என்றார். ஆவணிக் கடைசிக்குத் தேதி மாறியது. மாற்றுவதற்குத் தனியாகக் கட்டணம் ஆனது. அதையும் பெரியவர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

படகில்

அலாஸ்காவில் வெளியூர்க்காரர் மீன் பிடிக்க உரிமம் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் என்றும் வாங்கலாம். 60 வயது தாண்டியவர்களுக்கு இலவசம் என்ற விதி அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். 68 வயதுக்காரரும் அவர் மகனும் ஒரே விலைக்குத்தான் வாங்கினார்கள். 16 வயதுக்குக் கீழ் இருக்கும் பேரனுக்கு உரிமம் தேவைப்படவில்லை.

பிடிப்பதற்கும் வரையறை உண்டு. அங்கே வாடகைப் படகில் போகிறவருக்கு ஒரு நாளைக்கு ஒரு ஹாலிபட்தான். அதிலும் குறிப்பிட்ட அளவுக்குச் சின்னதாக இருந்தால் எடுக்கலாம், மிகப் பெரிதாக இருந்தாலும் எடுக்கலாம், நடுத்தர அளவு கிடைத்தால் திருப்பி விட்டுவிட வேண்டும். அந்த அளவு வருடா வருடம் மாறும். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் மிகப் பெரியது அபூர்வமாகத்தான் மாட்டும் என்பதால், நடைமுறையில் நடுத்தரம் முதல் பெரியது வரை தாய் மீன்களில் பெரும்பகுதி கடலிலேயே தங்கிவிடுகிறது. பெண் ஹாலிபட் முட்டையிடும் பருவத்துக்கு வர 12 வருடம் போல ஆகிறது. மாட்டுப் பண்ணையில் சினைக்கு வரும் கிடாரியை விற்காமல் வைத்துக்கொள்வது போலத்தான். அமெரிக்காவும் கனடாவும் 1923-ல் ஒப்பந்தம் போட்டு, இந்த ஒரு மீனுக்காகவே ஆணையம் அமைத்தன. அப்போது முதலில் செய்தது குளிர்காலத்தில் 3 மாதம் பிடிக்கத் தடை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருப்பதை எல்லோரும் அறிவார்கள். தடைக்குப் பிறகு எந்த அளவு மீனைப் பிடிக்கலாம் என்பதில்தான் இங்கே இன்னும் கவனம் போதவில்லை.

ஆடியில் ஒரு காலை, தூறலில் படகு கிளம்பியது. மாலுமியைச் சேர்க்காமல் 6 பேர். குளிர் 12 டிகிரி இருக்கும். பெரியவர் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு, அதன்மேல் மழைக்கோட்டு. கடல் வாய்க்காலுக்குள் அலை குறைவு என்றாலும் வாந்தி மாத்திரையை முந்தின இரவே போட்டுக்கொண்டார். தண்ணீரின் ஆழம் 200 அடிக்கு மேல். நூலின் முனையில் ஒரு கிலோ போல ஈயம், வட்டமாக உள்நோக்கி வளைந்த முள், அதில் ஹெர்ரிங் என்ற மீன் துண்டு இரை. வட்டமுள்ளில் ஒரு வித்தியாசம் உண்டு. கெண்டைக்கு வெட்டி இழுக்கிற மாதிரி வெட்டக் கூடாது. மீன் கடித்துத் திரும்பும்போது முள் தானாக வாயோரத்தில் மாட்டும். வெட்டினால் வெளியே வந்துவிடும். இரண்டு முறை வெட்டி இரையை இழந்த மகனிடம், "சும்மா இருடா, அதுவே மாட்டும்" என்று பெரியவர் சொல்ல வேண்டியிருந்தது.

பெரியவருக்கு மாட்டிய முதல் மீனை ஏற்றவே கால் மணி நேரம் ஆனது. முழங்காலைப் படகின் ஓரத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டு சுற்றினார். நடுவில் கை ஓய்ந்தபோது, கோலைப் பிடிக்காமல் அவர் இடுப்பை மட்டும் மகன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். மேலே வந்ததும் மாலுமி அளவுகோலை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். நடுத்தர அளவு. தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றிவிட்டார்கள். ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பேரனை அவசரமாகப் படம் எடுக்கச் சொன்னார். படத்தில் மீனின் வால் மட்டும் விழுந்திருக்கிறது. இரண்டாவதாக வந்தது அளவுக்குள் அடங்கிய சின்ன மீன், 5 கிலோ இருக்கலாம். மகனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிடித்த பச்சை மீனைக் கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். கரையிலேயே துண்டு போட்டு, உறைய வைத்து, வீட்டு முகவரிக்கு விமானத்தில் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அனுப்பும் கூலி மீன் விலைக்குக் கிட்ட வந்துவிடும். சியாட்டிலில் மருமகள் அதைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தார். சதை வெள்ளையாக, முள்ளில்லாமல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எருமை நாக்கின் ருசி இல்லை என்பது பெரியவர் தீர்ப்பு.

நிலப் பேச்சு அங்கே மூன்று இரவு நடந்தது. இன்னும் முடியவில்லை. நஞ்சை 2 ஏக்கரைக் குத்தகைக்கு விடுவது, மேட்டு நிலத்தை அவரே பார்ப்பது, வீட்டில் இரவுத் துணைக்கு ஓர் ஆள் வைப்பது என்பதுவரை வந்திருக்கிறார்கள். மற்றதற்குப் பெரியவர் மக்காச்சோள அறுவடை வரை தவணை கேட்டிருக்கிறார். அறுவடைக்கு வருவதாக மகன் சொல்லியிருக்கிறார்.

ஊரில் இப்போது அவரிடம் இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மகனோ மகளோ வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவர் சொல்வது நான்கைந்து விஷயங்கள்தான். கனடா விசாவுக்கு முதலில் போடுங்கள், அது தாமதமாகும். மீன் அளவு விதி ஒவ்வொரு வருடமும் சீசனுக்கு முன்னால் அறிவிப்பார்கள், போன வருடக் கணக்கை நம்பாதீர்கள். கப்பல் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான், மானாவாரி விதைப்புக்கு முன்னால் வர வேண்டுமானால் ஆனி, ஆடியில் போய்விடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தைலத்தை வீட்டில் வைக்காமல் படகுக்கே எடுத்துப் போங்கள். திரும்பும் டிக்கெட்டின் தேதியைப் பணம் கட்டும் முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள்.